ஃபில்டர் மூடியும் முன்கூட்டியே எழுதிய வரியும்

என் ஜீப்புக்குச் செய்யும் ஒவ்வொரு வேலையையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுவேன். சரஸ்வதி பூஜையன்று அந்த நோட்டும் சாமி முன்னால் போகும். மறுநாள்வரை அதைத் தொடக்கூடாது. ஜீப்புக்கும் அன்றுதான் பூஜை. அதனால் சென்ற ஆண்டு, “ஏர் ஃபில்டர் தூசி தட்டி மாட்டியாயிற்று” என்று காலையிலேயே எழுதி வைத்துவிட்டு, பிறகுதான் வேலையைத் தொடங்கினேன்.

நான்கு நாள் கழித்து, பரமத்தி வேலூர் அருகே ஒரு தரைப்பாலத்தில் தொடையளவு மழைத் தண்ணீர் ஓடியது. இன்ஜின் காற்றிழுக்கும் குழாயைக் கூரை உயரத்துக்கு ஏற்றியிருக்கும் தைரியத்தில் இறங்கினேன். நடுவில் இன்ஜின் நின்றது. சாவியைத் திருகப் போனேன்.

“ஏனுங்க, சாவியத் தொடாதீங்க!” எதிரே டிராக்டரில் வந்த பெண் கத்தினார். “தண்ணி குடிச்ச இன்ஜினத் திருகுனா உள்ள ராடு வளைஞ்சு போயிருமுங்க.”

கயிறு கட்டிக் கரைக்கு இழுத்தார். பானெட்டைத் திறந்ததும் சிரித்துவிட்டார்.

“ஃபில்டர் மூடிக்குப் பொட்டெல்லாம் நல்லாத்தான் வெச்சிருக்கீங்க. கிளிப்பத்தான் மாட்டக் காணோமுங்க.”

சந்தனம் வைத்த கையோடு மறந்திருக்கிறேன். நோட்டில் எழுதியிருந்ததால் மறுபடி பார்க்கவும் இல்லை.

மூடியின் இடைவெளி வழியே தண்ணீர் புகுந்து ஃபில்டர் நனைந்திருந்தது. அதற்கு அப்பால் இன்ஜினுக்குப் போகும் குழாய்க்குள் அவர் விரல் விட்டுப் பார்த்தார், ஈரமில்லை. இன்ஜின் தப்பியது. அவருடைய வெற்றிலைத் தோட்டத்து வரப்பில் ஃபில்டரைக் காயவைத்தோம். பிற்பகலில் ஜீப் முதல் திருகலிலேயே கிளம்பியது.

அந்தப் பழைய வரியை நான் அடிக்கவில்லை. அதன் கீழே நடந்ததை எழுதினேன். இந்த ஆண்டு கிளிப்பை மாட்டி, இழுத்துப் பார்த்த பிறகே நோட்டு பூஜைக்குப் போனது. அதுவரை சரஸ்வதி பொறுமையாகத்தான் காத்திருந்தாள்.