இடதுக்குப் பத்து

என் நொட்டாங்கை ஒரு பஸ்ஸை ஐந்தருவியில் அரை நாள் நிறுத்திவைத்தது என்று எட்டு வயதில் நான் மனதார நம்பினேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானாகவே கண்டுபிடித்தேன்.

எங்கள் வீடு மேலகரத்தில். முன்பக்கம் தகரக் கொட்டகையில் லேத்துப் பட்டறை, பின்பக்கம் நாங்கள். கடையில் கிடைக்காத போல்ட்டு வேண்டுமென்றால் அங்கேதான் வருவார்கள். ரைஸ்மில்காரர் நாலு கேட்பார், பஸ்காரர் பத்து கேட்பார். கம்பியை லேத்தில் பூட்டி, கடைந்து, நட்டு ஏறும் புரியாக மரை வெட்டிக் கொடுப்பது அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தொழில். சுடச்சுட உதிரும் இரும்புச் சுருள் பட்டு இருவர் கையிலும் புள்ளி புள்ளியாகத் தழும்பு இருக்கும். அப்பாவுக்கு இடது மணிக்கட்டில் நீளமாக ஒன்று. அதுவும் சுருள் பட்டதுதான் என்பார்.

எனக்குச் சோறு, சிலேட்டு, சண்டை எல்லாவற்றுக்கும் இடது கைதான் முந்திக்கொண்டு வரும். கீழப்பாவூரில் ஒரு கல்யாண வீட்டில் அந்தக் கையை நீட்டிச் சந்தனம் எடுத்துவிட்டேன். நாலு பேர் முகம் சுளித்தார்கள். அம்மா அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இன்னொரு தடவ அந்தக் கை நீண்டுச்சுன்னா கரண்டிக் காம்பக் காய்ச்சி இழுத்துருவேன், பாத்துக்கோ."

அம்மா சொன்னால் செய்கிறவள்.

அந்தச் சாரல் காலத்தில் ஒரு நாள் அப்பா கம்பி வாங்கத் திருநெல்வேலிக்குப் போயிருந்தார். காலையிலேயே பஸ் மெக்கானிக் ஓடி வந்தார். ஐந்தருவியில் பஸ் நிற்கிறது, சக்கரத்து போல்ட்டில் இரண்டு ஒடிந்துவிட்டது, மற்றதெல்லாம் மரை தேய்ந்துவிட்டது, குளிக்க வந்த சனம் பூராவும் மழையில் நிற்கிறது என்றார். இருப்பதில் நல்லதாக ஒரு போல்ட்டையும் அதன் நட்டையும் மாதிரிக்குக் கொடுத்து, "இடதுக்குப் பத்து, அண்ணாச்சி. மத்தியானத்துக்குள்ள வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எந்தப் பக்கத்துச் சக்கரமாக இருந்தால் நமக்கென்ன என்று சித்தப்பா நினைத்தார் போலும். மரை அளக்கும் தகட்டை மாதிரியில் வைத்துப் பார்த்தார். பல்லுக்குப் பல் பொருந்தியது. வேலையைத் தொடங்கிவிட்டார்.

மாதிரி போல்ட்டு சும்மா கிடந்தது. எடுத்து நட்டைத் திருகினேன், இடது கையால்தான். கழற்றுகிற பக்கம் திருப்பினால் நட்டு ஏறியது, பூட்டுகிற பக்கம் திருப்பினால் இறங்கியது. நொட்டாங்கை பட்டு போல்ட்டுக்குப் புத்தி மாறிவிட்டது என்றே முடிவு செய்தேன். சத்தம் காட்டாமல் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மத்தியானம் மெக்கானிக் திரும்பி வந்தார். பத்து போல்ட்டும் பளபளவென்று இருந்தன. ஒன்றில்கூட நட்டு ஏறவில்லை. சித்தப்பா எண்ணெய் விட்டுப் பார்த்தார், அரம் போட்டுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அங்கன சனம் என்னய அடிக்க வருது" என்று மெக்கானிக் அழாத குறையாக நின்றார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. நொட்டாங்கையால் திருகி நான்தான் கெடுத்துவிட்டேன் என்று ஓவென்று அழுதேன். அம்மா உள்ளே போனாள். அடுப்பில் கரண்டி விழும் சத்தம் கேட்டது. "விடுங்க மதினி" என்று சித்தப்பா சொன்னார். சொன்னதோடு சரி.

காம்பு காய்ந்து, அம்மா என் கையைப் பிடித்த நேரத்தில் அப்பா கம்பிக் கட்டோடு வந்து சேர்ந்தார். கட்டைப் போட்டுவிட்டு, கரண்டியைத் துணியோடு வாங்கி, லேத்துக்கு அடியில் இருந்த சோப்புத் தண்ணீர் டின்னில் முக்கினார். சொய்யென்று ஆவி கிளம்பியது.

"சொன்னா கேக்க மாட்டுக்கா" என்றாள் அம்மா.

அப்பா மாதிரியில் நட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். "ஏலே, இது இடது மரைலே. இடப்பக்கச் சக்கரத்துக்கு இப்படித்தான் வரும். சரி பண்ணுதேன்னு நீ மாத்திப் போட்டா, ஓட ஓடக் கழண்டுரும்."

சித்தப்பாவிடம்தான் சொன்னார். பார்த்தது அம்மாவை.

பிறகு லேத்தை மாற்றிப் பூட்டி, பத்தையும் புதிதாக வெட்டினார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி, இங்கன வா. ஒன் கையால போட்டுப் பாரு." பயந்து பயந்து இடது கையால் திருகினேன். ஒன்பதிலும் நட்டு வெண்ணெயாக ஏறியது. அம்மா வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

பத்தாவதை அப்பா எடுத்தார். நட்டை அவரும் இடது கையால் சுற்றினார், என்னைவிட வேகமாக. "அப்பாவும் நொட்டாங்கை!" என்று நான் கைதட்டிச் சிரித்தேன். அவர் திடுக்கிட்டு வாசலைப் பார்த்துவிட்டு, சட்டென்று வலது கைக்கு மாற்றிக்கொண்டார்.

என்னைச் சிரிக்கவைக்கத்தான் அப்படிச் செய்கிறார் என்று நினைத்தேன். அந்த மணிக்கட்டுத் தழும்பு கரண்டிக் காம்பின் அகலம்தான் இருந்தது என்பது எனக்கு அப்போது கண்ணில் படவில்லை.