கதிர்காமம் என்று சொல்லி எடுத்த பெரிய வான்

ஒட்டுசுட்டானில் இருபத்திரண்டு வருடம் வாடகைக்கு ஹயர் வான் ஓடினேன். அதற்குள் என்னைத் துவக்கோடு மறித்தவர்களை எண்ணி முடியாது. ஆனால் ஒரே ஒருமுறை, மறித்தவன் சரி, நான் பிழை. இப்போது ஹயர் ஓடுகிற தம்பிமாருக்காக அதை எழுதுகிறேன். என் மானம் போனாலும் உங்கள் ஹயர் தப்பும்.

மலைநாட்டில் ஒரு இராணுவப் பயிற்சி முகாம். காலை ஏழு இருபது. கேற்றில் காவலுக்கு நின்ற ஆமிப் பொடியன் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தான், என் வான் நம்பரைப் பார்த்தான், திரும்பவும் பட்டியலைப் பார்த்தான். நம்பர் அதில் இல்லை. எட்டு மணிக்குப் பரேட். ஏழே முக்காலுக்குப் பிறகு யாரையும் உள்ளே விடமாட்டார்கள். பின்சீற்றில் மலர் அக்கா சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டிருந்தா. அவாவின் மகள் தர்சினி பயிற்சி முடித்து அன்றைக்கு அந்தப் பரேட்டில் நடக்கிறாள். "எல்லாருக்கும் ஆக்கள் வருவினம் அம்மா. எனக்கு ஒருத்தரும் வராட்டி நான் ஆரைப் பாத்து நடக்கிறது?" என்று போனில் கேட்டிருந்தாள்.

நம்பர் எப்படிப் பிழைத்தது

தர்சினி ஆமியில் சேர்ந்தது வீட்டுக்குத் தெரியும். ஊருக்கு அவள் கொழும்பில் கொம்பியூட்டர் கோர்ஸ் படித்தாள். அந்தக் கதையைக் கட்டியவர் தகப்பன் சிவலிங்கம் அண்ணை. சண்டைக் காலத்தில் ஆமி அடித்த செல் விழுந்து வலது கால் முழங்காலோடு போய், பொய்க்காலில் வயல் செய்கிற மனிதர்.

"என்ர காலைப் பாத்தும் பிள்ளையை அங்க விட்டனியோ எண்டு சந்தியில ஒருத்தன் கேட்டால், நான் என்னத்தைச் சொல்ல?" என்றார். ஹயர்காரன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய இடங்களில் அதுவும் ஒன்று. மூடிக்கொண்டேன்.

வருகிறவர்களின் பெயர், அடையாள அட்டை நம்பர், வாகன நம்பர் எல்லாம் ஒரு கிழமைக்கு முன்னரே முகாமுக்குப் போய்ச்சேர வேண்டும். நானே நிரப்பி அனுப்பினேன். தாய், தகப்பன், நான், என் சின்ன வான். எல்லாம் கச்சிதம்.

பிறகு அண்ணை சும்மா இருந்தாரா? வான் எங்கே போகிறது என்று கேட்டவர்களுக்குக் கதிர்காமம் என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் கதிர்காமத்துக்கு வான் போகிறதென்றால் அது ஊர் வான். இடமில்லை என்று சொன்னால் முருகனே கோபித்துக்கொள்வார். மறுநாளே பக்கத்து வீட்டுப் பூமணி அக்கா வந்துவிட்டா.

"எனக்கொரு நேர்த்திக்கடன் கிடக்கு தம்பி. ஓரமா ஒரு சீற் தந்தால் காணும்."

ஓரமாக ஒரு சீற் கேட்டவா, பயணத்தன்று இன்னும் மூன்று பேரோடு வந்து நின்றா. என் சின்ன வான் காணாது. அவசரமாக மச்சானின் பெரிய வானை எடுத்தேன். முகாமுக்கு அனுப்பியது எந்த வானின் நம்பர் என்பது என் மண்டையில் உறைக்கவேயில்லை.

நாலு பேரையும் மலையில் ஒரு மடத்தில் குளிக்க இறக்கிவிட்டு, பிரேக் பார்க்கப் போகிறோம் என்று முகாமுக்கு நழுவுவதுதான் அண்ணையின் திட்டம். பூமணி அக்கா ஜன்னலால் கையை வெளியே நீட்டிப் பார்த்தா. "இந்தக் குளிருக்க குளிச்சால் நேரா மேலதான் போகவேணும். நாங்களும் பிரேக் பாக்க வாறம்" என்றா. அப்படித்தான் அத்தனை பேரும் முகாம் வாசலுக்கு வந்து சேர்ந்தோம்.

கேற்றில்

என் சிங்களம் டீசல் அடிக்கவும் வழி கேட்கவும் மட்டும் காணும். பொடியன் பொறுமையாகத்தான் சொன்னான். வான் உள்ளே வர ஏலாது, பட்டியலில் பெயர் உள்ளவர்கள் நடந்து போகலாம். மைதானத்துக்கு ஒரு கிலோமீற்றர், முழுக்க ஏற்றம்.

அண்ணை ஏற்றத்தைப் பார்த்தார். "நீ ஓடு மலர். நான் வானில இருக்கிறன்."

"நீங்கள் இல்லாமல் நான் போகன்."

இப்படியே இரண்டு பேரும் நிமிடங்களைத் தின்றுகொண்டிருந்தார்கள். அப்போது பூமணி அக்கா இறங்கினா. தெற்கில் கார்மெண்ட்ஸில் பதினொரு வருடம் வேலை செய்தவா. சிங்களத்தில் சண்டையே பிடிப்பா. எங்கள் பொய் அம்பிட்டது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவா எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. பொடியனோடு ஏதோ கதைத்துவிட்டு அண்ணையிடம் வந்தா.

"வேட்டியை ஒருக்காத் தூக்குங்கோ அண்ணை. அவன் பாக்கட்டும்."

அண்ணை தூக்கினார். பொடியன் பொய்க்காலைப் பார்த்தான். எப்படிப் போனது என்று கேட்கவில்லை. உள்ளே கூப்பிட்டுச் சொன்னான், சீருடையில் இன்னொருவன் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான். பின்சீற்றைத் தட்டிக் காட்டினான்.

அண்ணை அசையவில்லை.

"ஏறுங்கோப்பா. பிள்ளை எங்களைத் தேடும்" என்றா மலர் அக்கா.

ஏறினார். பிடிக்க வேறு இடமில்லாமல் அந்த ஆமிக்காரனின் தோளைப் பிடித்தார். மலர் அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினா. எனக்கு அழுகை வந்தது. வந்ததை ஏன் மறைக்க.

"உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று பூமணி அக்காவைக் கேட்டேன்.

"கோர்ஸுக்குப் போறவள் தலைமயிரை ஒட்ட வெட்டிக்கொண்டோ போறவள்? நேர்த்தியும் பொய்தான் தம்பி. எங்கட பிள்ளைக்குக் கைதட்ட நாலு பேர் வேணுமெல்லோ."

உள்ளே பாண்ட் அடிக்கத் தொடங்கியதும் அந்த நாலு பேரும் ரோட்டில் நின்று கைதட்டினார்கள். எங்களுக்கு மதிலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

சந்தியில்

பிறகு உண்மையாகவே கதிர்காமமும் போனோம். பொய்யைப் பாதியில் விடக்கூடாதே. திரும்பி வந்து சந்திக் கடையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம்.

"கதிர்காமத்தில சனமோ?" என்றார் கடைக்காரர்.

"சொல்லி வேலையில்லை" என்று பூமணி அக்கா தொடங்கினா.

சிவலிங்கம் அண்ணை கையைக் காட்டி நிறுத்தினார். "கதிர்காமம் பிறகு போனது. முதல் என்ர மகளின்ர பரேட்டுக்குப் போனனாங்கள். ஆமியில சேர்ந்திருக்கிறாள்."

ஒருவர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். மற்றவர்கள் பிள்ளைக்கு முகாம் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டார்கள். அண்ணை இன்னொரு தேத்தண்ணி கேட்டார்.

தம்பிமாரே, வாகனத்தை மாற்றினால் அன்றைக்கே நம்பரையும் மாற்றி அனுப்புங்கள். தொழிலில் நான் படித்தது அது. மற்றதைச் சந்தியில் படித்தேன். எழும்பிப் போன அந்த ஒரு மனுசனுக்குப் பயந்துதான் சின்ன வானை விட்டுவிட்டுப் பெரிய வானில் போனோம்.