ஒரு கன்னம் சிவந்தவன்

கடையில் நின்று சாமான் விற்கிறவன் முகம் அவனுக்குச் சொந்தமில்லை. வாங்க வருகிறவர்களுக்குத்தான் சொந்தம். புடவையைத் தன் தோளில் போட்டுக் காட்டும் ஜவுளிக்கடை நண்பர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் கன்னத்தில் பூசும் ரூஜ் விற்றிருக்கிறீர்களா? நான் விற்றேன். திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃபேன்சி கடையில், எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த வருஷத்தில்!

முதல் டப்பா

எங்கள் முதலாளி நல்ல மனிதர். புதுச் சரக்கைக் கண்டால் மட்டும் நிதானம் போய்விடும். ஒருநாள் சென்னையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே சின்னச் சின்னத் தகர டப்பாக்கள். டப்பாவுக்குள் சிவப்புப் பசை. அதுவரை நாங்கள் விற்றதெல்லாம் நாடகக்காரர்கள் வாங்கும் சிவப்புப் பொடிதான். இது அப்படியில்லை. விரல் நுனியில் துளி தொட்டு, கன்னத்து மேட்டில் வைத்து, ஓரம் கரைகிற வரை தேய்த்தால் பூசினதே தெரியாது, காவிரியில் குளித்துவிட்டு அப்போதுதான் கரையேறின முகம் மாதிரி இருக்கும் என்று கூட வந்த காகிதம் சொன்னது. காவிரி மட்டும் என்னுடைய சேர்க்கை.

சரி, யார் கன்னத்தில் பூசிக் காட்டுவது? வாங்க வருகிற பெண்களின் கன்னத்தைத் தொட்டால் உதை விழும். அவர்களாகவும் கடைத்தெருவில் நின்று பூசிப் பார்க்க மாட்டார்கள். முதலாளி கடையைச் சுற்றிப் பார்த்தார். கணக்கப்பிள்ளைக்குத் தாடி. முதலாளிக்கோ பாதிக் கன்னம் வரை மீசை. நான் கொஞ்சம் சிவந்த நிறம். முகமும் மழமழவென்று இருக்கும். அவர் பார்வை என்மேல் வந்து நின்றது.

"உன் முகத்தை விட்டா கடையில வேற முகமே இல்லப்பா. நாளையிலேருந்து தினம் சவரம் பண்ணிட்டு வா."

வெயிலில் ஒரு பரீட்சை

ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து ஒரு மாமி வந்தார். பெண்ணுக்கு நவராத்திரிக் கொலுவில் பாட்டு இருக்கிறதாம். "பூசிண்டது தெரியப்படாது. ஆனா பூசிண்டது வீணாவும் போகப்படாது" என்றார். நான் வழக்கம்போல் இடது கன்னத்தில் மட்டும் பூசி, வலது கன்னத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அப்படியே விட்டேன்.

மாமிக்குக் கடைக்குள் இருந்த வெளிச்சம் போதவில்லை. "சித்த வெயில்ல நில்லுங்கோ" என்றார். நின்றேன். "நிழலுக்கு வாங்கோ." வந்தேன். "அந்த எதிர்க்கடைத் தூண்வரைக்கும் போய்த் திரும்பி வாங்கோ, தூரத்துலேருந்து பார்க்கணும்." போனேன். எதிர்க்கடைப் பாத்திர வியாபாரி தன் வாடிக்கையாளரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். குதிரை வண்டிக்காரர் ஒருவர் வண்டியையே நிறுத்திவிட்டார். திரும்பி வந்தபோது மாமியின் முகத்தில் அப்படியொரு திருப்தி.

"பேஷ், தெரியவே இல்லை. ரெண்டு டப்பா கட்டுங்கோ. ஆத்துக்காரர் வந்து கேட்டா சந்தனம்னு சொல்லிடுங்கோ."

அத்தர் வியாபாரி

ஊரின் பழைய பகுதியிலிருந்து ஓர் அத்தர் வியாபாரி பாய் வருவார். மெதுவாகப் பேசுகிறவர். மனைவிக்கு ஒரு டப்பா வேண்டுமென்றார். நான் பூசிக் காட்டினதும் இரண்டு கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டப்பாவை எடுத்தார், வைத்தார், மறுபடியும் எடுத்தார். பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"புடிச்சிருக்கு தம்பி. இதைப் பூசிட்டு, 'இப்ப அழகா இருக்கேனா'ன்னு கேப்பாங்க. 'ஆமா'ன்னு சொன்னா, 'அப்ப இத்தனை நாள்?'னு கேப்பாங்களே, அதுக்கு ஒரு பதில் சொல்லிக் குடுங்க."

கேமராவின் கண்

இந்தச் சமயத்தில்தான் லால்குடிப் பெண் ஒருத்தியின் ஜாதகம் பொருந்தியது. அந்தப் பெண்ணை நான் தேர்த் திருவிழாவில் ஒருமுறை பார்த்திருந்தேன். கூட்டத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து எனக்கு வேறு ஜாதகம் எதுவும் பொருந்தக் கூடாதென்று வேண்டிக்கொண்டிருந்தேன். பெண் வீட்டார் என்னுடைய போட்டோ கேட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஸ்டுடியோவுக்கு ஓடினேன். காலையில் வந்த ஒருவர் இரண்டு கன்னத்திலும் பூசிக் காட்டச் சொல்லியிருந்தார். கண்ணாடியில் பார்த்தேன், பூசினதே தெரியவில்லை, நன்றாகத்தான் இருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

என் கண்ணில் படுவதற்கு முன்பே கல்யாணத் தரகர் போட்டோவை வாங்கிக்கொண்டு லால்குடிக்குப் போய்விட்டார். பதில் வந்தது: கன்னம் இரண்டும் குழிவிழுந்து கிடக்கிறதே, பையனுக்குக் காசநோயா? அம்மா அழுதுவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது. மறு பிரதியைப் பார்த்தால், சிவப்பு பூசின இடத்தில் இரண்டு கரிய பள்ளம்! ஸ்டுடியோக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் என் கன்னத்தை விரலால் தொட்டு, விரலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என் கேமராவுக்குச் சிவப்பு தெரியாதுங்க, கறுப்பாத்தான் விழும். நாடகத்து ராஜபார்ட்காரங்க கூட என்கிட்ட வர்றப்ப மூஞ்சியைக் கழுவிட்டுத்தான் வருவாங்க."

இரண்டாவது கன்னம்

அதற்குப் பிறகு லால்குடியிலிருந்து பேச்சே இல்லை. தரகரும் தெருவில் கண்டால் சந்துக்குள் திரும்பினார். நான் வாடின முகத்தில் சிவப்பு பூசிக்கொண்டு வியாபாரம் பார்த்தேன்.

ஒருநாள் வாட்டசாட்டமான ஓர் அம்மாள் வந்து ரூஜ் கேட்டார். இடது கன்னத்தில் பூசிக்கொண்டு நிமிர்ந்தேன். அவருக்குப் பின்னாலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. தேரில் செருப்பைத் தொலைத்த அதே முகம்! மாப்பிள்ளையை நேரில் பார்க்கப் பெண்ணும் அவள் அத்தையும் வாங்குகிறவர்கள் மாதிரி வந்திருக்கிறார்கள். நான் ஒரு கன்னத்தில் சிவப்போடு நிற்கிறேன்.

"போட்டோவுக்கும் இதைப் பூசிக்கிட்டுத்தான் போனீங்களா?" என்றார் அத்தை.

"ஆமாங்க. அது கறுப்பா விழும்னு தெரியாதுங்க. எனக்கு ஒரு நோயும் இல்லீங்க" என்றேன்.

"எங்க, துடைங்க பார்ப்போம்."

துண்டை நனைத்துத் துடைத்தேன். அழுத்தித் துடைத்தேன். அத்தை கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். "போகலியே! இன்னும் சிவப்பாத்தானே இருக்கு?" அப்போது அந்தப் பெண் முன்னால் வந்து, பூசாத என் வலது கன்னத்தைக் காட்டினாள்.

"அத்தை, இந்தப் பக்கமும்தான் சிவந்திருக்கு, இதுல அவர் ஒண்ணுமே பூசலையே. வாங்க, அப்பாகிட்ட சரின்னு சொல்லிடலாம்."

கல்யாணப் போட்டோவுக்கு நான் சோப்புப் போட்டு முகம் கழுவிக்கொண்டு போய் நின்றேன். ஆனால் அவளுக்கு ஒரு டப்பாவைப் பரிசாகக் கொடுத்திருந்ததை அடியோடு மறந்துபோனதால், எங்கள் வீட்டுக் கூடத்துப் படத்தில் இன்றுவரை காசநோய்க்காரியாக நிற்கிறவள் அவள்தான்.