முன்வாசலால் வராதவள்

எண்பதுகளின் தொடக்கத்தில், என் இளைய மகளுக்கு இரத்தப் புற்றுநோய் என்றார்கள். அவளுக்கு ஆறு வயது. கொழும்பில் மருந்து ஏற்றி, இரண்டு வாரம் வீட்டில் வைத்திருந்து, மறுபடி பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும். டாக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்: இந்த மருந்து ஏற்றினால் பிள்ளையின் உடம்பில் நோயை எதிர்க்கும் சக்தி இருக்காது, சாதாரணச் சளி, தடிமன்கூட உயிருக்கு ஆபத்து, வீட்டில் ஆட்களைச் சேர்க்காதீர்கள்.

எங்கள் ஊர் மருதமுனையில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். நோயாளியைப் பார்க்கப் போவது எங்களுக்குக் கடமை. போகாவிட்டால் குற்றம், வரவேண்டாம் என்று சொன்னால் அதைவிடக் குற்றம். நாங்கள் பஸ்ஸால் இறங்கிய அன்றே முன்வாசலில் செருப்புகள் குவிந்துவிட்டன.

டாக்டர் சொன்னதை எல்லாரிடமும் சொன்னேன். "ஓம் ஓம், பாவம்" என்றுவிட்டு உள்ளே வந்தார்கள். வாயெல்லாம் புண்ணாகிக் கிடந்த பிள்ளைக்குத் தோடம்பழம் கொண்டுவந்து, அதைத் தாங்களே உரித்துத் தின்றார்கள். ஒருத்தி மகளின் தலைத்துணியை இழுத்து மொட்டையைப் பார்த்து, "அல்லாஹ்வே, முடியெல்லாம் எங்க?" என்று அவள் முகத்துக்கு நேரே கேட்டாள். இன்னொருத்தி ஒழுகிய மூக்கை முந்தானையில் துடைத்துவிட்டு, அந்த ஈரம் காயுமுன் பிள்ளையைக் கொஞ்சினாள்.

என் கணவரிடம் சண்டை போட்டேன். "வாற ஆக்கள வாசலோட திருப்பேலுமா? மறுகா நமக்கொண்டு எண்டா ஆரு வருவாங்க?" என்றார். நான் போய் எல்லாருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினேன். மூத்த பிள்ளைகள் இரண்டு பேரும் பசியோடு பள்ளிக்கூடம் போனார்கள்.

பக்கத்து வீட்டுக்காரி மட்டும் வரவில்லை. கைத்தறி நெய்கிறவள், வீடு நிறையப் பிள்ளைகள். இரண்டாம் நாள் காலையில் பின்வேலியில் நின்று கூப்பிட்டாள்.

"ராத்தா, நான் உள்ளுக்கு வரமாட்டன். எங்கட புள்ளையளுக்கெல்லாம் தடிமன். அந்த அழுக்குத் துணியள வேலியால தாங்க, சுடுதண்ணியில அவிச்சித் தாறன்."

மகள் இரவெல்லாம் வாந்தி எடுத்த துணிகள். எனக்கே தொடக் கஷ்டமாக இருந்தது. அவள் முகம் சுளிக்காமல் வாங்கிப் போனாள். அன்றிலிருந்து காலையில் துணி போகும், பின்னேரம் காய்ந்து வரும். மூத்த பிள்ளைகளுக்குச் சோற்றுச் சட்டியும் அந்த வேலிக்கு மேலால்தான் வந்தது.

ஒருநாள் வந்திருந்தவர்களில் ஒருத்தி, தேத்தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்: "பக்கத்து ஊட்டுக்காரி ஒரு எட்டு வந்து புள்ளயப் பாத்தாளா?"

பின்பக்கம் அவளுடைய கிணற்றடியில் துணி அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. என் மகளின் துணி.

"இல்ல, வரல்லதான்" என்றேன். இதைவிட ஒரு சொல் கூடச் சொல்லவில்லை. பொய் இல்லைதான். ஆனால் அதைச் சொன்னபோது எனக்கும் அவள்மேல் ஒரு குறை இருந்தது. அத்தனை பேரும் வந்தார்களே, இவளுக்கு மட்டும் என்ன என்று. மூக்கைத் துடைத்தவளைவிட என்னைத்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஐந்தாம் நாள் மகளுக்கு இருமல் தொடங்கியது, மறுநாள் காய்ச்சல். கொழும்புக்குத் துணைக்கு வர, வந்துபோன கூட்டத்தில் ஒருவருக்கும் வசதிப்படவில்லை. ஒரு கிழமையில் அங்கேயே பிள்ளையின் உயிர் போய், மையித்தோடு ஊருக்குத் திரும்பினோம்.

வீடு நிறைந்திருந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரி முதல்முறையாக முன்வாசலால் உள்ளே வந்தாள். "இப்பதான் வழி தெரிஞ்சிருக்காக்கும்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். நான் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கடைசியாகக் கொடுத்த துணிகளை, மடித்துக் கொண்டுவந்தபடியே, என் மடியில் வைத்தாள்.

"இனி நான் உள்ளுக்கு வரலாந்தானே, ராத்தா" என்றாள்.