ஜப்பான்காரன் பிரித்த தீவில் சிதம்பரம்

புஷ்பவள்ளி அக்கா பெண்ணாடம் பக்கத்துக் கரும்பு விவசாயியின் மகள். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகு பி.எட். முடித்து, கடலூர் முதுநகரில் எங்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தவர். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. தலைமையாசிரியையே அவரிடம் பார்த்துத்தான் பேசுவார்.

2009-இல் வரலாற்று முதுகலை ஆசிரியர் இடம் காலியானது. பணிமூப்பில் அக்கா முதல், அடுத்தது நான். எம்.ஏ. முடித்திருந்தால்தான் கிடைக்கும். அக்கா, நான், சக ஆசிரியை காயத்ரி மூவரும் அஞ்சல் வழியில் படித்து, கடைசித் தாள் மட்டும் பாக்கி. ஆளுக்குச் சில பாடங்களைப் படித்து, தேர்வுக்குச் சிதம்பரம் போகும் பஸ்ஸில் மற்றவர்களுக்குச் சொல்வது எங்கள் வழக்கம். யாரும் சீண்டாத ஒன்றை அக்கா எடுத்துக்கொண்டார். ஜப்பான் ஆட்சியில் தைவான் தீவின் நிர்வாகப் பிரிவுகள். எல்லாம் வாயில் நுழையாத பெயர்கள்.

"தீவ நம்ம மாவட்டம்னு நெனச்சுக்கங்கடி. வடக்க தைஹோகு, அது கடலூரு. அப்பறம் ஷின்சிகு பண்ருட்டி, தைச்சு குறிஞ்சிப்பாடி, தைனான் சிதம்பரம். தெக்கோடியில தகாவோ, நம்ம காட்டுமன்னார்கோயிலு. அந்தாண்ட கரேன்கோ விருத்தாசலம், தைத்தோ திட்டக்குடி. கடலுக்குள்ள கெடக்குற ஹோகோ பிச்சாவரம்."

கண்டக்டர்கூடச் சிரித்தார். எனக்கு அப்படியே மனதில் ஒட்டிக்கொண்டது.

தேர்வில் அதே கேள்வி! வரைபடத்தில் பிரிவுகளைக் குறித்து விளக்க வேண்டும், இருபது மதிப்பெண். குஷியாக எழுதிவிட்டு வெளியே வந்து டீ குடித்தோம்.

"தைனான சரியா குறிச்சீங்களாக்கா?" என்றாள் காயத்ரி.

"சிதம்பரத்த எங்கடி தப்பா குறிப்பேன்?"

சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. கிளாஸ் உதட்டருகே அப்படியே நின்றது.

"ஏண்டி... நான் சிதம்பரம்னே எழுதிட்டன்டி."

விளையாடுகிறார் என்று நினைத்தேன்.

"கடலூரு, பண்ருட்டி, எல்லாத்தயும் அப்புடியே எழுதிருக்கேன். ஜப்பான் பேரு ஒண்ணுகூட எழுதல."

எங்களுக்குச் சொல்லிச் சொல்லி, அவர் தலையில் கடைசியில் நம் ஊர்தான் மிஞ்சியிருக்கிறது.

நானும் காயத்ரியும் தேறினோம். அக்கா தேறவில்லை. பணி ஆணை என் பெயருக்கு வந்தது. சந்தோஷம் துளியும் இல்லை. அக்காவே ஓய்வறைக்குத் தேடி வந்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

"ஜான்சி, நான் சொல்லிக்குடுத்தது எல்லாம் சரியாத்தான இருந்துச்சு?" என்று கேட்டார்.