வாலில் கட்டிய எலுமிச்சம்பழம்

எங்கள் அண்ணி அங்கம்மாவிடம் நல்ல குணங்கள் நிறைய உண்டு. அதையெல்லாம் நாத்தனார் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் வருத்தம். வயதில் என்னைவிட இளையவள், முறைக்குத்தான் அண்ணி. வேலப்பன்சாவடியில் சர்வீஸ் ரோட்டை ஒட்டி என் அண்ணன் வேம்புலிக்குப் பஞ்சர் கடை. கல்யாணமான புதிதில் அவனுக்குச் சோறு கொண்டுவந்து கொடுக்கத்தான் அங்கே வந்தாள். கொஞ்ச நாளிலேயே டியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிக்கவும், சுரண்டி ஒட்டுப் போடவும் பழகிக்கொண்டாள். காற்று மட்டும் அண்ணன்தான் பிடிப்பான். மீட்டரைப் பார்க்கமாட்டான். டயரை ஒரு தட்டு தட்டி, சத்தத்தை வைத்தே போதும் என்பான். அதில் அவனுக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

அந்தத் திமிர் போன சித்திரையோடு போனது. மண் லாரியின் டயர் ஒன்றுக்குக் காற்று ஏற்றிக்கொண்டிருந்தபோது அது வெடித்தது. சக்கரத்தின் இரும்பு வளையம் கழன்று, அவன் கன்னத்தைக் கிழித்து, தகரக் கூரையையும் கிழித்துக்கொண்டு போனது. கன்னத்தில் தையல், காதில் கொஞ்ச நாள் இரைச்சல். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நாங்கள் நிம்மதியாக இருந்துவிட்டோம். உடம்பு ஆறியது, மனசு ஆறவில்லை. கம்ப்ரசர் மோட்டார் ஓட ஆரம்பித்தாலே எழுந்து பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். காதில் குறையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருவேற்காட்டில் மந்திரித்துக் கயிறு கட்டினோம். கயிறும் கையில் இருந்தது, பயமும் கூடவே இருந்தது.

கடையை அண்ணி எடுத்துக்கொண்டாள். காற்றும் அவளே பிடித்தாள். யாராவது அண்ணாத்தே எங்கே என்று கேட்டால் ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்வாள். அது பின்னறையில் இருந்தவன் காதிலும் விழும். பெண்பிள்ளை தனியாக எத்தனை நாள்தான் லாரி டயரோடு மல்லுக்கட்டுவாய், கடையை வாடகைக்கு விட்டுவிடேன் என்று ஒருநாள் நான் சொன்னேன். அவள் என்னை முறைத்தாள்.

"எனுக்கு கடைய நடத்த தெம்பு கீது மதி. அந்தாளு உள்ள குந்திகினு கீறத பாக்கத்தான் தெம்பு இல்ல."

ஆடி மாதத்தில், பக்கத்துக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் சிலர் ஓர் இரும்புக் குழாயைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். முகமது ஆசிக் என்பவன்தான் பேசினான். அட்டையில் ராக்கெட் செய்திருக்கிறார்களாம். குழாயின் மேல் அதைச் செருகி, கீழே காற்றை அடைத்து, குழாயில் உள்ள வால்வுத் திருகைச் சட்டென்று திறந்தால் பறக்குமாம். காற்றுக்குத்தான் எங்களிடம் வந்திருந்தார்கள். அதை விடும் முன்பு ராக்கெட்டின் மூக்குக்குள் ஓர் உருண்டைக் களிமண்ணை வேறு திணித்தார்கள். கடைக்குப் பின்னால் உள்ள காலி மனையில் வைத்து விட்டதும், 'டப்' என்ற சத்தத்தோடு அது தென்னை மரத்தைத் தாண்டி மேலே போனது. நாங்கள் எல்லாரும் வானத்தைப் பார்த்தோம். அண்ணி மட்டும் பின்னறை ஜன்னலைப் பார்த்தாள். அங்கே என் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். அத்தனை காற்றுச் சத்தத்துக்குப் பிறகும் ஜன்னலைச் சாத்தாமல், வாயைத் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

பரீட்சை முடிந்து வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லி, குழாயைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்கே அண்ணி என்னிடம் அட்டை கேட்டாள். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எதற்கு என்று கேட்டதற்கு, ராக்கெட் செய்யப்போகிறேன் என்றாள். புருஷனுக்கு வந்தது இவளுக்கும் வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஜன்னலில் அண்ணன் நின்றதை அவள் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. கழித்துப்போட்ட மெல்லிய அட்டையைச் சூப்பர்வைசரிடம் கெஞ்சி வாங்கி, சுருட்டி, நெரிசலான பஸ்ஸில் பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டு வந்தேன்.

அண்ணி அட்டையைக் குழாயின் மேல் சுற்றி, பஞ்சர் சொல்யூஷனைத் தடவி ஒட்டினாள். தலைக்குக் கடலைப் பொட்டலம் மாதிரி ஒரு கூம்பு, வாலுக்கு மூன்று இறக்கைகள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். லாரிக்காரர்களோடு பழகியவள், திருஷ்டி கழிக்காமல் எந்த வண்டியையும் புறப்பட விடமாட்டாள். அம்மன் கோயில் எலுமிச்சம்பழத்தையும் பச்சை மிளகாயையும் கம்பியில் கோத்து, பம்பருக்கு அடியில் கட்டுவது போல ராக்கெட்டின் வாலில் கட்டினாள்.

அது ஆள் உயரம்கூடப் போகவில்லை. குட்டிக்கரணம் அடித்து என்னைத் துரத்திக்கொண்டு வந்தது. அடுத்தது பக்கத்து வீட்டு சுதா மாடியில் காயப்போட்டிருந்த வத்தலில் போய் விழுந்தது. அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது. இறக்கையை மாற்றினோம், அட்டையை மாற்றினோம், ஆடிக்காற்றைத் திட்டினோம். ஆவணி வந்தும் அது குட்டிக்கரணத்தை விடவில்லை. கடைசியில் ஊர்க்கண்தான் காரணம் என்று முடிவாகி, வாலில் இன்னொரு பழம் கூடியது. இத்தனையையும் ஜன்னலில் இருந்து அண்ணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். சாப்பிட உட்காரும்போது ஏதோ சொல்ல வாயைத் திறப்பான், பிறகு சோற்றை அள்ளிப் போட்டு மூடிக்கொள்வான்.

ஆயுத பூஜை வந்தது. கம்ப்ரசரைக் கழுவிப் பட்டையும் பொட்டும் வைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினோம். ராக்கெட்டுக்கும் சந்தனம் பூசினாள் அண்ணி. பூஜை போட்ட அன்று எங்கள் கடையில் காற்று பிடிப்பதில்லை. மறுநாள், விஜயதசமியன்று காலையில், அண்ணன் கையால் முதல் காற்று பிடித்தால்தான் வருஷத்துக் கணக்கு தொடங்கும். இந்த வருஷம் அவனைக் கூப்பிடேன் என்று அண்ணியிடம் சொன்னேன். கூப்பிட்டு அவன் மாட்டேன் என்றுவிட்டால் அதற்குப் பிறகு கேட்க எதுவும் மிச்சமிருக்காது என்றாள். முதல் காற்று ராக்கெட்டுக்கே போகட்டும் என்று மோட்டாரைப் போட்டாள்.

அண்ணன் எழுந்து பின்னறைக்குப் போனான். அண்ணி ரப்பர் ஹோஸை மனை வரைக்கும் இழுத்துக் குழாயில் மாட்டிவிட்டு, ராக்கெட்டை மடியில் கிடத்தி, புதுப் பழத்தை வாலில் கட்ட ஆரம்பித்தாள். நான் பொரித் தட்டோடு பக்கத்தில் நின்றேன். பின்கதவு திறந்தது. அண்ணன் நேராக வந்து அவள் கையிலிருந்து ராக்கெட்டைப் பிடுங்கினான்.

"இன்னாம்மே பண்ற? வால்ல கனத்த கட்னா அது எங்க போவும்? அந்த புள்ளைங்க மூக்குல மண்ணு வெச்சத நீ பாக்கல?"

"வண்டிக்கு கீழதான்யா கட்டுவாங்க."

"அது ரோட்டுல போற வண்டி. மேல போறதுக்கு மூஞ்சி மேல கீது."

ஆறு மாதத்தில் அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மிளகாயைப் பிய்த்து எறிந்தான். பழத்தைக் கூம்புக்குள் நுழைத்து, ஆடாமல் துணியால் அடைத்து, ஒட்டி, குழாயில் செருகினான். அப்போது கம்ப்ரசர் தொட்டியில் காற்று நிறைந்து மோட்டார் தானாக நின்றது. தான் எங்கே நிற்கிறோம் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். காலடியில் ஹோஸ் புடைத்துக் கிடந்தது. முகம் வெளுத்துவிட்டது.

குழாயின் திருகைப் பிடித்திருந்த அண்ணி கையை எடுத்தாள். "மொத காத்து உன்னுதுதான்யா" என்றாள்.

அவன் திருகைப் பிடித்தான். பிடித்தவன் திருகாமல் நின்றான். அண்ணியின் கை அவன் கைப்பக்கம் போய், தொடாமல் திரும்பி வந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டது. அவளை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. அண்ணன் திருகினான்.

'டப்' என்றது. நூல் பிடித்தது போல நேராக, தென்னையைத் தாண்டி, அந்தப் பிள்ளைகள் விட்டதையும் தாண்டிப் போய், கல்லூரி மதிலுக்கு அந்தப் பக்கம் எங்கோ விழுந்தது. நான் பொரியைக் கொட்டிவிட்டேன். திரும்பிப் பார்த்தால், அண்ணன் இரண்டு கண்களையும் இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறான்.

"போச்சா?" என்று கேட்டான்.

"போச்சுய்யா" என்றாள் அண்ணி.

கடை வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. ஆட்டோக்காரர் ஒருவர், பின்சக்கரத்துக்குக் காற்று பிடிக்க வேண்டும் என்றார். வழக்கம்போல அண்ணி எழுந்தாள். அண்ணன் ஹோஸைக் குழாயிலிருந்து கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான். "நீ குந்து" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் நடந்தான். கொஞ்ச நேரத்தில், டயரைக் கையால் தட்டும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

டயர் வெடித்த அன்றுகூட அழாதவள், மனையில் கிடந்த கல்லில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நானும் அழுதேன், மறைப்பானேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நாளிக்கு வர்றப்போ அட்டை எடுத்துகினு வா மதி" என்றாள். "நம்முளுது மேல போறத அந்தாளு இன்னும் பாக்கலியே."