தாமோதரனின் சம்பளம்

புதன்கிழமை காலை ஏழு மணி இருக்கும். பால் பொங்கப் போகிறது என்று அடுப்பருகே நின்றிருந்தேன். எதிர்வீட்டுச் செல்வி செருப்பில்லாமல் ஓடிவந்து கதவைத் தட்டினாள். "டீச்சர், அவரு எழுந்துக்க மாட்டேன்றாரு. கொஞ்சம் வாங்களேன்" என்றாள். நான் போய்ச் சேர்ந்தபோது பக்கத்துத் தெரு டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் கணவர் தாமோதரன் கடலில் வேலை முடிந்து வீடு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவருக்கு நாற்பத்தாறு வயது.

உத்திரமேரூரில் அவரை அறிந்தவர்கள் நிறைய பேர். அறிந்தவர்களில் பலருக்கும் அவர் என்ன வேலை பார்த்தார் என்று சரியாகத் தெரியாது. பெட்ரோல் எடுக்கிறவர் என்பார்கள், கப்பலில் வேலை என்பார்கள். அவர் நிலவியல் படித்தவர். எண்ணெய்க் கிணறு தோண்டும்போது கீழேயிருந்து வரும் பாறைத் துகளைக் கழுவி, பூதக்கண்ணாடியில் பார்த்து, இப்போது எந்த அடுக்கில் இருக்கிறோம், இன்னும் போகலாமா, நிறுத்தலாமா என்று சொல்வதுதான் அவர் வேலை. ஆனால் யாரும் அவரிடம் முதலில் இதைக் கேட்டதில்லை. முதலில் கேட்டது எல்லாம் "சம்பளம் இன்னா?" என்பதுதான்.

சாவு வீட்டிலும் அதே கேள்வி வந்தது. செல்வியின் உறவுக்காரர் ஒருவர் பந்தலில் என் பின்னால் உட்கார்ந்து பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "பெரிய சம்பளம்னு சொல்லிக் கட்டிக்கினாரே, நிச்சயத்தன்னிக்கே அது பொய்னு ஆயிட்ச்சு. இப்ப புள்ளைக்கு இன்னா வச்சிட்டுப் போனாரோ." அந்தச் சொல் என் கழுத்தில் வந்து விழுந்தது. திரும்பிப் பார்க்க முடியவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன் அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல வேண்டும்.

சம்பளம் கேட்டால் தாமோதரனுக்குக் கோபம் வராது. சந்தோஷம்தான் வரும். "எந்த வருஷத்து சம்பளத்தக் கேக்குற?" என்று திருப்பிக் கேட்பார். முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில் கடைக்காரர் ஒருமுறை, "எண்ணெய் கெடச்சா உனக்கு எவ்ளோ பங்கு தருவான்?" என்றாராம்.

"பங்கா? ஒண்ணும் கெடையாது. எண்ணெய் வந்தாலும் அதே சம்பளம், வராட்டியும் அதே சம்பளம்."

"வராட்டி கூடவா குடுப்பான்? ஏமாந்த பயலா கீறானே அவன்!"

"கெணறு காஞ்சா சம்பளம் நிக்காதுண்ணே. எண்ணெய் வெல காஞ்சாதான் நிக்கும்."

இதை என்னிடம் சொல்லிவிட்டு, கடைக்காரர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் யோசித்ததாகச் சொல்லிச் சிரித்தார். நானும் அன்று இரவுச் சமையல் வரை யோசித்தேன். முப்பத்திரண்டு ஆண்டு கணக்கு நடத்தியவள் நான். ஒரு தொகை எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது.

அதனால் அவர் ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவரும் சலிக்காமல் சொன்னார். நிரந்தர வேலையில் இருப்பவருக்குச் சம்பளம் படிப்படியாக ஏறும், வீட்டுக்கு வாடகைப் படி, பிறகு ஓய்வூதியம். ஒப்பந்தத்தில் போகிறவருக்கு நாள் கணக்கு. தரையில் தோண்டும் கிணறென்றால் ஒரு தொகை, கடலில் என்றால் அதற்கு மேல், பாலைவன நாடுகளில் இன்னும் மேல். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு நேராகப் போகிறவருக்கும் இருபது கிணறு பார்த்தவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கம்ப்யூட்டரில் பூமியின் படத்தை வைத்து எங்கே தோண்டலாம் என்று சொல்லத் தெரிந்தவருக்கு அதைவிடவும் கூடுதல்.

"இவ்வளவு ஏன் கொடுக்கிறார்கள் தாமு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என் சம்பளம் பெரிசில்ல டீச்சர். நான் நின்னுக்கினு கீறேனே அந்தத் தோண்டுற எந்திரம், அதோட ஒரு நாள் வாடகை இருக்கு பாருங்க, அதான் பெரிசு. நான் ஒரு மணி நேரம் 'பாத்து சொல்றேன்'னு சொன்னா, அந்த ஒரு மணி நேர வாடகை கடல்ல கரைஞ்சிப் பூடும். அது கரையாம சொல்றதுக்குதான் எனக்குக் குடுக்குறான்."

இது நம் ஊரில் எனக்குக் கண்கூடாகவே விளங்கியது. எண்ணெய் விலை விழுந்து, ஒப்பந்தம் எதுவும் கிடைக்காமல் அவர் ஓராண்டுக்கும் மேலாக வீட்டோடு இருந்த சமயம். பின்தெருவில் ஒருவர் போர் போட்டுக்கொண்டிருந்தார். லாரிக்காரருக்கு அடிக்கு இவ்வளவு என்று கூலி, தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும். சத்தம் கேட்டு வேடிக்கை பார்க்கப் போன தாமோதரன், வெளியே வந்து விழுந்த பாறைத் தூளைக் கையில் அள்ளினார். குடத்துத் தண்ணீரில் அலசினார். விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நிறுத்திடுங்க. இதுக்கு மேல வெடிப்பு இல்ல, ஒரே பாறை" என்றார்.

லாரிக்காரருக்கு வந்ததே கோபம். "நீ இன்னா நைனா, தண்ணி பாக்குற ஆளா? தேங்கா கூட கையில இல்லியே!"

"நான் எண்ணெய் பாக்குற ஆளு. தண்ணி எனக்குத் தெரியாது. ஆனா இந்தத் தூளு நூறு அடியா ஒரே மாதிரி வந்துக்கினு கீது. அது தெரியும்."

வீட்டுக்காரர் நிறுத்திவிட்டார். வந்த கொஞ்சத் தண்ணீருக்கு மோட்டார் இறக்கி இன்றுவரை ஓட்டுகிறார். தாமோதரனுக்கு அன்று கிடைத்தது ஒரு டீ. திரும்பி வரும்போது சொன்னார்: "பாத்தீங்களா டீச்சர்? அவனுக்கு அடிக்குக் காசு, அதனால போய்க்கினே இருப்பான். எங்க நிறுத்தணும்னு சொல்ற ஆளுக்கு அடிக்குக் காசு குடுக்கக் கூடாது. அதனாலதான் எங்களுக்கு நாளுக்கு."

இவ்வளவும் விவரமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டவள் நான். ஆனால் இதெல்லாம் பிறகு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், அவருக்குப் பெண் பார்த்தபோது, எனக்கு நாள் சம்பளம் ஒன்றுதான் புரிந்திருந்தது.

அப்போது அவர் நிரந்தர வேலையை விட்டு ஒப்பந்தத்துக்கு மாறி இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. எண்ணெய் நல்ல விலையில் இருந்தது. ஏன் விட்டாய் என்று கேட்டதற்கு, "அங்க பாறைய படத்துல பாக்கணும், இங்க கையில பாக்கலாம்" என்றார். எவ்வளவு என்று கேட்டேன். நாளுக்கு இவ்வளவு என்றார். "இருபத்தெட்டு நாள் வேலை, இருபத்தெட்டு நாள் லீவு டீச்சர். மறுபடி இருபத்தெட்டு நாள்" என்றும் சொன்னார். அவர் சொன்னார் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு வாரம் கழித்துத் தென்னேரியிலிருந்து செல்வியின் அப்பா தேசிங்கு என் வீட்டுக்கு வந்தார். ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிற குடும்பம். "எதுத்த வூட்டுப் பையனாமே. கணக்கு டீச்சர் நீங்க சொன்னா சரியா இருக்கும். வருஷத்துக்கு இன்னா வரும்?" என்றார். நான் அவர் கண் முன்னாலேயே ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். இதைப் படிக்கும் உங்களுக்கு எளிதாக இருக்கட்டும், நாளுக்கு நூறு ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். நூறு பெருக்கல் முப்பது, பெருக்கல் பன்னிரண்டு. முப்பத்தாறாயிரம்.

பிழை எங்கே என்று உங்களில் பலருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். லீவு என்று அவர் சொன்ன நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. சரியான விடை ஏறக்குறைய பதினெட்டாயிரம், அதுவும் இடைவிடாமல் ஒப்பந்தம் கிடைத்தால். எனக்கு ஏன் அது தோன்றவில்லை? நான் அரசுப் பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைக்கும் சம்பளம் வாங்கியவள், மே மாதம் முழுக்க வீட்டில் வடகம் காயவைத்துக்கொண்டே சம்பளம் வாங்கியவள். லீவென்றால் சம்பளத்தோடு லீவு என்பதைத் தவிர வேறொன்று இருக்கிறது என்று என் மண்டையில் ஏறவே இல்லை. அவரிடம் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். பெருக்கல் சரியாக வந்துவிட்டதால் கேட்கவில்லை.

நிச்சயதார்த்தம் தென்னேரியில், பெண் வீட்டில். தட்டு மாற்றுவதற்கு முன் தேசிங்கு கூட்டத்தைப் பார்த்து, மாப்பிள்ளையின் ஆண்டு வருமானத்தை உரக்கச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. "இவ்ளோ பெரிய மாப்ளைக்குச் சின்ன மண்டபத்துல கல்யாணமா? மடையோரத்து அரை ஏக்கர விக்கப் பேசிட்டேன். நாளைக்கு அட்வான்ஸ்" என்றார். ஆட்கள் கை தட்டினார்கள். தாமோதரன் கை தட்டவில்லை. முகம் கறுத்துப்போய் எழுந்து நின்றார்.

"மாமா, நிலத்த விக்க வேணாம். அந்தத் தொகை தப்பு. வருஷத்துல பாதி நாளுதான் எனக்குச் சம்பளம். எண்ணெய் வெல விழுந்தா அதுவும் இல்ல. பென்ஷனும் கெடையாது. இத்த கேட்டுட்டு அப்புறம் தட்ட மாத்துங்க."

தேசிங்கு என் பக்கம் திரும்பினார். "டீச்சர் கணக்குப் போட்டாங்களே!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வாய் திறக்கவில்லை. அதற்குள் தாமோதரன் சொன்னார்: "டீச்சர் மேல தப்பில்ல மாமா. நாளு சம்பளத்த மட்டும் சொன்னேன். பாதி நாளுன்றத நான்தான் சொல்லல."

நான் தாம்பாளத்தில் இருந்த வெற்றிலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணம் நின்றுபோயிருக்கும். நின்றுபோகாமல் காத்தது செல்வி. உள்ளேயிருந்து வாசல்படி வரை வந்து, "வேல இல்லாத நாள்ல வூட்ல இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"சும்மா இருப்பேன்."

"சமைக்கத் தெரியுமா?"

"கடல்ல கத்துக்கினேன். மீனு நல்லா வரும்."

"எங்க வூட்ல சைவம்" என்றாள். முதலில் சிரித்தது தேசிங்கின் மனைவிதான். பிறகு எல்லாரும். தட்டு மாறியது. கல்யாணம் ஊர்க் கோயிலில் எளிமையாக நடந்தது. நிலம் இன்றும் அவர்களிடமே இருக்கிறது.

ஆனால் தேசிங்கு மறக்கவில்லை. பெண் பார்க்கும் பேச்சு எங்கே எழுந்தாலும், "மாப்ள பசங்க சொல்ற சம்பளத்துல பாதிய கழிச்சிக்கோ, எங்க வூட்ல அனுபவம் கீது" என்பார். "எங்க பாதிச் சம்பள மாப்ள" என்று எல்லார் முன்னாலும் கூப்பிடுவார். தாமோதரன் சிரித்துக்கொண்டே "இன்னா மாமா" என்று போவார். நான் இருக்கும்போதும் இது நடந்திருக்கிறது. ஒருமுறை தெருவில் அவரை நிறுத்தி, "தாமு, நான் உன் மாமனாரிடம் சொல்லிவிடட்டுமா?" என்று கேட்டேன். "வுடுங்க டீச்சர். உங்ககிட்ட எவ்ளோ பொண்ணுங்க டியூஷன் வருது. கணக்கு டீச்சர் கணக்குல தப்புன்னு ஊர்ல பரவினா நல்லா இருக்குமா? எனக்கு இன்னா, நான் பாதி நாளு ஊர்லயே இருக்க மாட்டேன்" என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது. அதனால் ஒத்துக்கொண்டேன்.

பந்தலில் அந்த உறவுக்காரர் 'பொய்' என்று சொன்னபோது, இந்த வசதிக்கு என்ன விலை என்று தெரிந்தது. தாமோதரன் இனி சிரித்துக்கொண்டு போக முடியாது. அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள், பத்து வயது. அவள் காதிலும் இது விழும்.

கருமாதி அன்று சாப்பாட்டுக்குப் பிறகு, தேசிங்கும் உறவினர்களும் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய் நின்றேன். செல்வியையும் பிள்ளையையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். தேசிங்குக்கு முன்பு போட்டுக் காட்டிய கணக்கைத் திரும்ப ஒரு தாளில் போட்டேன். முதலில் என் விடை, அதன் கீழே சரியான விடை. "பாதி நாள் என்று தாமு என்னிடம் சொல்லியிருந்தார். கேட்டும் புரிந்துகொள்ளாமல் பெருக்கியது நான். சபையில் பழியை அவர் எடுத்துக்கொண்டார். நான் வாய் திறக்கவில்லை" என்றேன்.

தேசிங்கு தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பன்னெண்டு வருஷமா டீச்சர்?" என்றார். பிறகு, "நான் அவன இன்னா இன்னா பேசிக்கினு இருந்தேன்" என்று சொல்லி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். என்னை அவர் மன்னித்தாரா என்று தெரியாது. கேட்கவும் எனக்கு உரிமை இல்லை.

செல்வி, "எங்கிட்ட கூட சொல்லல டீச்சர்" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்ததா என்றும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பிள்ளை தாளை எடுத்து வைத்துக்கொண்டாள்.

தாமோதரனை அறிந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர் சம்பளம் என்ன என்று இனியும் பேச்சு வரும். வந்தால், அவர் ஒருநாளும் அதைக் கூட்டிச் சொன்னவர் இல்லை, கூட்டியது எதிர்வீட்டு டீச்சர் என்று தயங்காமல் சொல்லுங்கள். என் பெயரையும் சொல்லலாம்.

எனக்கென்று அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரு பழக்கம். இப்போது டியூஷனுக்கு வரும் பெண்கள், யாராவது ஒரு எண்ணைச் சொன்னவுடன் பேனாவை எடுத்தால், கையைப் பிடித்து நிறுத்துகிறேன். அது எத்தனை நாளுக்கு, எந்த ஆண்டில், விலை விழுந்தால் என்ன ஆகும் என்று சொன்னவரையே திரும்பக் கேட்டுவிட்டு வரச் சொல்கிறேன். விடை தப்பாக வந்தால், தப்பு என்னுடையது என்று எழுந்து நின்று சொல்லவும் பழக்குகிறேன். முதல் ஆளாக எழுந்து நிற்பது நான்தான்.